சதுர அடிக் கொந்தராத்தில் வீடு: எங்கே பிழைக்குது, எப்படி எழுதவேணும்?

ரொறன்ரோ_கொக்குவில்

வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பி யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுவிக்கிற ஆக்களுக்குத் திரும்பத் திரும்ப வாற சிக்கல் இது. சதுர அடி இவ்வளவு எண்டு ஒரு தாளில் எழுதி இரண்டு பக்கமும் ஒப்பம் வைக்கினம். பிளாற், அதாவது கொங்கிறீற்றுக் கூரை, போட்டு முடியிற நேரம் எழுபது வீதக் காசு போய்விடுது. பிறகு சாமான் விலை ஏறிப்போச்சு, கூட்டித் தந்தால்தான் மேசன்மார் வருவினம் எண்டு வேலை நிக்குது.

அந்தத் தாளில் என்ன இருந்திருக்கவேணும்? வேலை நிண்ட பிறகு முதல் கிழமையில் என்ன செய்யவேணும்? தெரிஞ்ச ஆக்கள் விவரமாய் எழுதுங்கோ. ஆரையும் பேர் சொல்லித் திட்டவேண்டாம்.

அளவுகோல்

முதல் பிழை "சதுர அடி" என்ற சொல்லிலேயே இருக்கிறது. எதை அளப்பது? வெளிச்சுவரின் வெளிவிளிம்பை அளந்தால் ஒரு கணக்கு, பிளாற்றின் விளிம்பை அளந்தால் வேறு கணக்கு. 40 க்கு 30 அடி வீடு 1,200 சதுர அடி. பிளாற் நாலு பக்கமும் 2 அடி வெளியே நீண்டால் அதே வீடு 44 க்கு 34, அதாவது 1,496 சதுர அடி. 296 சதுர அடிக்கான காசு ஒரு வரி எழுதாததால் கைமாறுகிறது.

அடுத்தது, விலைக்குள் என்னென்ன அடக்கம் என்பது. போர்ட்டிக்கோ, திறந்த விறாந்தை, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், படி, மலக்குழி, தண்ணீர்த் தாங்கி, மதில். இவற்றில் எது சதுர அடி விலைக்குள், எது தனி விலை என்று ஒவ்வொன்றாக எழுதாவிட்டால், இரண்டு பக்கமும் தங்களுக்கு வசதியானபடியே நினைத்துக்கொள்ளும்.

அத்திவாரம் இன்னும் மோசம். வலிகாமத்தில் பல இடத்தில் இரண்டடி தோண்டமுன்னமே சுண்ணக்கல் பாறை வந்துவிடும். கரையோரத்தில் மணலும் களியும். பாறைக்குள்ளேயும் நீர் அரித்த பொந்துகள் இருக்கும். அத்திவாரம் வெட்டும்போதுதான் அது தெரியவரும். ஆகவே அத்திவார ஆழம் இத்தனை அடி என்று ஒரு அளவைக் குறித்து, அதற்கு மேலே போனால் கன அடிக்கு என்ன விலை, குறைந்தால் எவ்வளவு கழிப்பது என்று முதலே எழுதவேண்டும். நிலமட்டத்திலிருந்து தளமட்டம் எத்தனை அடி உயரம் என்பதும் அப்படித்தான். மழைவெள்ளம் நிற்கும் காணியில் அந்த ஓர் அடி உயர்த்தலுக்கு ஏற்றவேண்டிய மண் சின்னக் காசு இல்லை.

சரியான வழி பி.ஓ.கியூ, அதாவது வேலை அளவுப் பட்டியல். ஒவ்வொரு வேலைக்கும் அளவு, அலகு, விலை. கட்டட வேலைகளை அளக்கும் முறைக்கு எஸ்.எல்.எஸ் 573 என்ற இலங்கைத் தரநிலை இருக்கிறது. "எஸ்.எல்.எஸ் 573 இன்படி அளக்கப்படும்" என்ற ஒரே வரி பாதிச் சண்டையை நிறுத்தும்.

வலிகாமம்_கட்டுநர்

அண்ணை சொன்னது சரி, ஆனால் இதுவரை வந்ததெல்லாம் வீட்டுக்காரர் பக்கம் இருந்துதான். மற்றப் பக்கத்தையும் எழுதவேணும்.

வட்ஸ்அப்பில் ஒரு படம் வரும், "இந்த மாதிரிப் படி வேணும்" எண்டு. மேசன் கட்டின சுவரை இடிச்சுப் படியை மாத்துவான். இடிச்ச கூலி ஆர் தாறது? ரைல்ஸ் நாங்கள் எடுத்துத் தாறம் எண்டு சொல்லி ஆறு கிழமை இழுபட்டால், வேலையாக்கள் வேற தளத்துக்குப் போய்விடுவினம், பிறகு கூப்பிட்டாலும் வராயினம். காசு பிந்தி வந்தாலும் முடிக்கிற திகதி மட்டும் அசையாமல் நிக்கும்.

விலைப் பக்கம் பாருங்கோ. 2020 இல் ரைல்ஸ் இறக்குமதியை நிப்பாட்டினாங்கள். 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்ட பிறகு கம்பி, வயர், பைப் எல்லாம் ஒண்டாய் ஏறினது. சீமெந்துப் பை ஒரு வருசத்துக்குள்ள இரண்டு மடங்குக்கு மேல. அப்ப பழைய சதுர அடி விலைக்குக் கையெழுத்து வைச்சவன் ஒவ்வொரு கல்லையும் தன்ர காசில் வைச்சவன். அவனை ஏமாத்துக்காரன் எண்டு சொல்றது நீதி இல்லை.

அளவுகோல்

தம்பி, நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. மாறாத விலை என்று எழுதிவிட்டு விலையேற்றம் முழுவதையும் கட்டுபவர் தலையில் போடுவதும் பிழைதான். அரசாங்கக் கொந்தராத்தில் இதற்கு நெடுங்காலமாகவே வழி இருக்கிறது. நிருமாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை, முன்பு இக்ராட் என்று சொன்னோமே, அது சீமெந்து, கம்பி, மணல், கூலி என்று மாதாமாதம் விலைச் சுட்டெண் வெளியிடுகிறது. அதன் சூத்திரத்தைச் சொல்லில் எழுதினால் இப்படி வரும்: அந்தப் பில்லில் விலை திருத்தக்கூடிய வேலையின் பெறுமதியை 0.966 ஆல் பெருக்கு, ஒவ்வொரு உள்ளீட்டின் பங்கையும் அதன் சுட்டெண் ஏறிய விகிதத்தால் பெருக்கிக் கூட்டு, இரண்டையும் பெருக்கு.

ஒரு கணக்கு. பில் 20 இலட்சம். சீமெந்தின் பங்கு 20 வீதம். அடிப்படை மாதத்தில் சுட்டெண் 400, இப்போது 500 என்றால் ஏற்றம் 25 வீதம். 20,00,000 × 0.966 × 0.20 × 0.25 = 96,600 ரூபா. சீமெந்துக்கு மட்டும் கூட்டிக் கொடுக்கவேண்டியது அவ்வளவுதான். "சீமெந்து கால்வாசி ஏறிவிட்டது, ஆகவே பில்லையும் கால்வாசி கூட்டுங்கோ" என்றால் ஐந்து இலட்சம் போயிருக்கும்.

தனி வீட்டுக்கு இந்தச் சூத்திரம் பாரம் என்றால் எளிய வழி ஒன்று. கையெழுத்து வைக்கும் நாளில் சீமெந்து, கம்பி, மணல், கருங்கல் நாலுக்கும் கடை விலையை ஒப்பந்தத்தில் எழுதி, கடையின் விலைச்சீட்டையும் சேர்த்துத் தையுங்கள். 5 வீதம் வரை ஏறினாலும் இறங்கினாலும் கட்டுபவருடையது, அதற்கு மேல் வீட்டுக்காரருடையது. விலை இறங்கினால் கழிக்கவும் வேண்டும். அது இல்லாத விலையேற்றப் பிரிவில் ஒப்பம் வைக்காதீர்கள்.

வற், அதாவது பெறுமதி சேர் வரி, பற்றியும் ஒரு சொல். 2022 இன் நடுப்பகுதி வரை 8 வீதமாக இருந்தது 12, 15 என்று ஏறி 2024 ஜனவரி 1 முதல் 18 ஆனது. பதிவு இலக்கம் இல்லாதவர் பில்லில் வற் போட முடியாது. இலக்கத்தைக் கேளுங்கள்.

தளமேற்பார்வை

கட்டம் கட்டமாகக் காசு கொடுப்பதில்தான் எழுபது வீதம் முன்னாலேயே போகிறது. "பிளாற் போட்டதும் 25 வீதம்" என்று எழுதுகிறார்கள். பிளாற் போட்டது என்றால் எது? கொங்கிறீற் ஊற்றிய அன்று பின்னேரமா? அன்று பிளாற் எப்படி வந்திருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. முட்டுக் கழற்றி, அடிப்பக்கம் தேன்கூடு போன்ற ஓட்டைகள் இல்லை, தொய்வு இல்லை என்று பார்த்து, மேலே தண்ணீர் கட்டி 48 மணித்தியாலம் விட்டுக் கசிவு இல்லை என்ற பிறகே அந்தக் கட்டம் முடிந்தது. முட்டுகளை 14 நாளுக்கு முன் தொடவேண்டாம், பீமுக்கு அடியில் 21 நாள்.

அளவையும் வீட்டுக்காரர் பக்கத்தில் ஒருவர் சரிபார்க்கலாம், கடினமில்லை. 1,000 சதுர அடி, 5 அங்குலப் பிளாற் என்றால் கிட்டத்தட்ட 417 கன அடி, அதாவது 4.17 கியூப். 1:2:4 கலவையில் (சீமெந்து, மணல், கல்) ஒரு கியூப் கொங்கிறீற்றுக்கு ஏறத்தாழ 18 பை சீமெந்து. ஆக 75 பை. அன்று தளத்தில் 55 பைதான் உடைந்திருக்கிறது என்றால் கலவை என்ன ஆனது என்று அங்கேயே கேட்கவேண்டும். பீம் தனிக்கணக்கு, அதைச் சேர்க்க மறக்காதீர்கள்.

கம்பிக்குத் தராசு போதும். 12 மில்லிமீற்றர் கம்பி மீற்றருக்கு 0.888 கிலோ, 10 மில்லிமீற்றர் 0.617 கிலோ. 6 மீற்றர் நீளத்தில் 12 மில்லிமீற்றர் கம்பி ஒன்று 5.3 கிலோவும் 10 மில்லிமீற்றர் கம்பி ஒன்று 3.7 கிலோவும் வரும். ஐந்தாறை ஒன்றாகக் கட்டி நிறுத்துச் சராசரி பாருங்கள். தெளிவாகக் குறைந்தால் அந்தக் கட்டு முழுக்கத் திரும்பப் போகவேண்டும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஆபத்து உப்பு. கழுவாத கடற்கரை மணல், உவர்க் கிணற்றுத் தண்ணீர் இரண்டும் சேர்ந்தால் சில வருடத்தில் கம்பி துருப்பிடித்து வீங்கி, பிளாற்றின் அடிப்பக்கம் உதிரும். கம்பி போட்ட கொங்கிறீற்றில் மொத்தக் குளோரைட்டு, சீமெந்து நிறையில் 0.4 வீதத்துக்கு மேல் போகக்கூடாது. தண்ணீர் எந்தக் கிணறு, மணல் எங்கிருந்து, புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரத்துடன் வருகிறதா, அது ஆர் பொறுப்பு என்பதும் ஒப்பந்தத்தில் வரவேண்டும். மணல் லொறி பிடிபட்டு வேலை பத்து நாள் நின்றால் அந்தப் பத்து நாள் ஆருடையது என்று பிறகு வாதாடிப் பயனில்லை.

ரொறன்ரோ_கொக்குவில்

மிக்க நன்றி. வேலை நிண்டால் என்ன செய்யிறது எண்டதையும் ஆராவது எழுதுங்கோ. வழக்குப் போட மூண்டு வருசம் இருக்கு, அவசரமில்லை எண்டு பல பேர் சொல்லுகினம்.

வழக்குக்கட்டு

அந்த "மூன்று வருடம்" ஆபத்தான பேச்சு. அதை முதலில் திருத்துகிறேன்.

1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம், எழுத்தில் இல்லாததற்கு 3 வருடம். ஆனால் 8 ஆம் பிரிவு தனி. விற்றுக் கையளித்த பொருள், செய்த வேலை, கைவினைஞர் கூலி இவற்றின் கடனுக்குக் கடன் தவணையான நாளிலிருந்து ஒரு வருடம்தான். வாய்ப்பேச்சில் வேலை செய்த கட்டுநருக்கும், கடனுக்குக் கம்பி கொடுத்த கடைக்காரருக்கும் இது கழுத்துக்கயிறு. "அடுத்த முறை ஊருக்கு வரேக்க தாறன்" என்ற பேச்சிலேயே அந்த ஒரு வருடம் ஓடிவிடும். கடனை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்ட கடிதம் ஒன்றை வாங்கினால் காலம் அன்றிலிருந்து புதிதாக ஓடும். ஆகவே எழுத்து ஒப்பந்தம் வீட்டுக்காரரை மட்டும் காப்பதாக நினைக்காதீர்கள். கட்டுபவருக்கு அது ஐந்து வருடத்தைக் கூட்டிக் கொடுக்கிறது.

விலையேற்றம் பற்றி. நமது பொது ஒப்பந்தச் சட்டம் ரோமன் டச்சு வழி. செய்யவே முடியாமல் போனால் கடப்பாடு விழும். செய்தால் நட்டம் என்பது மட்டும் போதாது. ஒப்பந்தத்தில் விலைத் திருத்தப் பிரிவு இல்லாவிட்டால், வலிகாமம்_கட்டுநர் சொன்ன 2022 நிலைமையில்கூட நீதிமன்றம் விலையைக் கூட்டி எழுதித் தராது. அளவுகோல் சொன்ன பிரிவின் பெறுமதி அங்கேதான் இருக்கிறது.

வேலை நின்ற முதல் கிழமை: வாய்ச்சண்டையை விட்டுவிட்டு, என்னென்ன வேலை எந்தத் திகதியிலிருந்து நிற்கிறது என்று குறித்து, 14 நாளுக்குள் தொடங்கும்படி பதிவுத்தபாலில் கடிதம். வட்ஸ்அப்பிலும் அதே கடிதத்தின் படத்தை அனுப்புங்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தின்கீழ் அந்தச் செய்திகளையும் சான்றாக முன்வைக்கலாம். தொலைபேசி மாற்றும்போது பழைய உரையாடல்களை அழித்துவிடாதீர்கள். அந்த 14 நாளுக்குள் வேறு கட்டுநரை உள்ளே விட்டால், ஒப்பந்தத்தை முறித்தது நீங்கள் என்று ஆகிவிடும்.

அதே நாட்களில் கூட்டு அளவீடு. இரண்டு பக்கமும் சாராத ஒரு கணக்கெடுப்பாளர் (கட்டட வேலையை அளந்து பெறுமதி கணிப்பவர்), இரண்டு பக்கத்துக்கும் எழுத்தில் திகதி சொல்லி, வந்து அளந்து, படம் எடுத்து, தளத்தில் கிடக்கும் சாமானையும் எண்ணி அறிக்கை தரவேண்டும். மற்றவர் வராவிட்டால் "அறிவித்தும் வரவில்லை" என்று அறிக்கையில் எழுதட்டும். புதிய ஆள் வந்து பூச்சுப் பூசிய பிறகு பழைய சுவரின் நிலையை எவராலும் நிறுவ முடியாது.

அளவுகோல்

அந்த அறிக்கையில் இருந்து எவ்வளவு கேட்பது என்பதிலும் பெரிய குழப்பம். ஓர் உதாரணம். ஒப்பந்தம் 1,500 சதுர அடி, சதுர அடி 9,000 ரூபா, மொத்தம் 1 கோடி 35 இலட்சம். கொடுத்தது 70 வீதம், 94.5 இலட்சம். அளந்தால் வேலை 45 வீதம், 60.75 இலட்சம். "33.75 இலட்சம் திருப்பித் தா" என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள்.

ஆனால் நட்டம் அதுவல்ல. மிச்ச 55 வீத வேலையை இன்றைய விலையில் நியாயமாக முடிக்க 90 இலட்சம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் கையில் இன்னும் கொடுக்காத 40.5 இலட்சம் இருக்கிறது. 90 இல் அதைக் கழித்தால் 49.5 இலட்சம். கேட்கவேண்டிய தொகை அதுதான். அதற்கு மிச்ச வேலைக்குக் குறைந்தது இரண்டு எழுத்து விலைக்கூற்று வேண்டும். அதுவும் முந்தின வரைபடத்துக்கு. ரைல்ஸையும் சமையலறையையும் உயர்த்திவிட்டு அந்த விலையைக் கேட்டால் நீதிமன்றத்தில் நிற்காது.

நாவற்குழி_01

ஒரு கேள்வி. காணி மனைவியின் சீதன உறுதியில் இருக்குது. கொந்தராத்தில் கணவர் மட்டும் ஒப்பம் வைச்சால் சிக்கல் வருமோ?

வழக்குக்கட்டு

கட்டட ஒப்பந்தம் காணியைக் கைமாற்றுவது அல்ல. கணவர் ஒப்பமிட்டால் காசு கொடுக்கும் கடப்பாடு அவருடையது, அவ்வளவே. ஆனால் மூன்று இடத்தில் இது வந்து இடிக்கும். வரைபட அனுமதி காணி உரிமையாளர் பெயரில் போகவேண்டும். அடுத்து, வீட்டுக் கடனுக்காகக் காணியை ஈடு வைக்கும்போது, தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு) உட்பட்ட மனைவி தன் அசையாச் சொத்தைக் கையாளக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மரபுரிமைக் கட்டளைச் சட்டம், 6 ஆம் பிரிவு. மூன்றாவது, வழக்கு வந்தால் வழக்காளி ஆர் என்பது. இருவரும் சேர்ந்து ஒப்பம் வைப்பதே நல்லது.

பங்குக்காணி என்றால் இன்னும் கவனம். பிரிக்காத காணியில் ஒரு பங்காளி கட்டினால் பிறகு பிரிவினை வழக்கில் அந்த வீடு நிற்கும் துண்டுதான் சண்டையின் நடு. கட்டமுன் மற்றப் பங்காளிகளின் எழுத்துச் சம்மதத்தை எடுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்களுக்காகச் செயற்பட ஊரில் ஒருவருக்கு எழுதிக் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் பற்றியும் சொல்லவேண்டும். தமையனுக்கோ மாமாவுக்கோ "எல்லாம் செய்ய" என்று பரந்த தத்துவம் கொடுத்துவிடுகிறார்கள். கட்டடத்துக்கு அது தேவையில்லை. அனுமதி விண்ணப்பம், ஒப்பந்தம், இன்ன தொகை வரை கொடுப்பனவு என்று மட்டும் வரையறுத்து எழுதலாம். வேலையை அளந்து உறுதிப்படுத்தும் ஆள் உறவினராக இருக்கக்கூடாது. தனியே ஒரு பொறியியலாளர் அல்லது கணக்கெடுப்பாளர், பெயர் ஒப்பந்தத்தில்.

இணையத்தில் எடுத்த மாதிரி ஒப்பந்தங்களில் நடுத்தீர்ப்புப் பிரிவு ஒன்று (பிணக்கை நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவர் தீர்ப்பது) சும்மா ஒட்டியபடி வருகிறது. 1995 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின் 5 ஆம் பிரிவுப்படி அப்படி ஒரு பிரிவு இருந்து மற்றவர் ஆட்சேபித்தால் நீதிமன்றத்துக்கு அந்த வழக்கை விளங்க நியாயாதிக்கம் இல்லை. பத்து இலட்சப் பிணக்குக்கு நடுத்தீர்ப்பாளர் கட்டணம் கட்டி மாளாது. வீட்டு ஒப்பந்தத்தில் அதை வெட்டிவிட்டு, அளவும் தரமும் பற்றிய பிணக்கை இன்ன கணக்கெடுப்பாளர் தீர்ப்பார் என்று எழுதுங்கள்.

சிறு தொகைப் பிணக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குப் போகவேண்டும், அங்கே இணக்கம் இல்லை என்ற சான்றிதழோடுதான் வழக்கு. பொலிசில் முறைப்பாடு போடுவதால் காசு வராது, காலம்தான் போகும்.

வலிகாமம்_கட்டுநர்

ஒண்டை விட்டிட்டியள். றிரென்சன், தடுத்துவைக்கிற காசு. ஒவ்வொரு பில்லிலும் 10 வீதம் பிடிச்சு, மொத்தத்தில் 5 வீதம் வரை வைச்சிருப்பினம். கையளிக்கேக்க பாதி, ஒரு வருசத்தால மிச்சப் பாதி எண்டது கடதாசியில் மட்டும்தான். அந்த மிச்சப் பாதி எத்தனை பேருக்குத் திரும்பி வருது? ஆறு மாசம் எண்டு எழுதினால் எங்களுக்கு நல்லம்.

தளமேற்பார்வை

ஆறு மாதத்துக்குச் சம்மதிக்க ஏலாது, காரணம் மழை. தை, மாசியில் வீடு கையளித்தால் ஆறு மாதம் ஆடியோடு முடிந்துவிடும். அதற்குள் பெரிய மழை ஒன்றும் இல்லை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை அடிக்கிற மாரியில்தான் பிளாற் கசிவும் யன்னலோரக் கசிவும் சுவர் ஈரமும் வெளிவரும். திகதியை மாதக்கணக்கில் எழுதாமல் "கையளித்த பின் ஒரு முழு மாரி முடியும் வரை" என்று எழுதுங்கள்.

ஆனால் காசு திரும்பி வராத குறை உண்மை. அதற்கு வழி: தடுத்துவைத்த பணத்தை வீட்டுக்காரர் தன் கணக்கில் வைத்திருக்காமல், இரண்டு பேர் ஒப்பமும் தேவைப்படும் கூட்டுக் கணக்கில் போடவேண்டும். மாரி முடிந்ததும் தை (ஜனவரி) 31 க்குள் வீட்டுக்காரர் பக்கம் குறைகளை எழுத்தில், படத்துடன் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் பணம் விடுவிக்க ஒப்பம் வைத்தே ஆகவேண்டும். குறை கொடுத்தால் 28 நாளுக்குள் கட்டுநர் திருத்தவேண்டும். திருத்தாததற்கு மட்டும் கணக்கெடுப்பாளர் சொல்லும் தொகையைக் கழித்து மிச்சம் அவருக்கு.

வலிகாமம்_கட்டுநர்

தை 31 எண்ட திகதி இருந்தால் மாரி வரைக்கும் நிக்கலாம். ஒண்டு சேருங்கோ: வீட்டுக்காரர் பிறகு மேலே சோலர் பூட்டவோ தாங்கி வைக்கவோ பிளாற்றில் துளை போட்டால், அந்த இடத்துக் கசிவு எங்கட கணக்கில் வரக்கூடாது.

அளவுகோல்

சரி. கையளிக்கும் நாளில் பிளாற்றின் மேற்பக்கம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் படம் எடுத்து, இரண்டு பக்கமும் திகதியோடு ஒப்பம் வைத்து ஒப்பந்தத்தோடு சேர்த்து வையுங்கள். துளை எப்போது வந்தது என்று பிறகு கேட்கத் தேவையில்லை.